சுண்ணாம்பூரணியின் விரல்கள்

நெடுங்கரிசல் சட்டமன்றத் தொகுதியில் ஓட்டுப் போட்டவர்களின் விரலில் வைத்த மை அழியவில்லை என்பதை முதலில் கவனித்தவர்கள் சுண்ணாம்பூரணியில் மாவாட்டுகிற பெண்கள்தான். சித்திரையில் வைத்த மை ஆடி போய், ஆவணி போய், நகம் வளர்ந்து வெட்டி, திரும்ப வளர்ந்து வெட்டி, ஐப்பசி மழையும் பெய்து ஓய்ந்த பிறகும் நகத்தோடு நகராமல் வைத்த இடத்திலேயே நின்றது. அதைப் பார்த்து அவர்கள் ஒருத்திக்கொருத்தி விரலைக் காட்டிச் சிரித்துக்கொண்டார்கள். மாவில் இறங்கிவிடுமோ என்று ஒருத்தி கேட்டதற்கு, இறங்கினால் கறுப்பு இட்லி தின்போம், பெரிய வீடுகளில் கறுப்பரிசியை அல்லவா விலை கொடுத்து வாங்கித் தின்கிறார்கள் என்று இன்னொருத்தி சொன்னாள். அதற்கு மேல் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதே பெட்டியில் வந்த அதே மை பக்கத்துத் தொகுதியில் ஒரு மாதத்தில் அழிந்துபோயிருந்தது என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

அந்த மையை வைத்தவன் நான்.

நான் அந்த ஊர்க்காரன் இல்லை. பக்கத்துத் தொகுதியில் ஒரு நடுநிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். தேர்தல் வேலைக்கு யார் எந்தச் சாவடிக்குப் போவது என்பதைக் கணினி குலுக்கி எடுக்கும், அதில் மனிதக் கை படாது என்று பயிற்சி வகுப்பில் சொல்வார்கள். மனிதக் கை படாத அந்தக் குலுக்கல் ஏழு வருடத்தில் நடந்த ஆறு தேர்தல்களிலும் என்னையே எடுத்து, சுண்ணாம்பூரணி பள்ளிக்கூடத்துச் சாவடியிலேயே போட்டு, மைக்குப்பிக்கு முன்னாலேயே உட்கார வைத்தது. ஏன் என்று நான் கேட்கவில்லை. எனக்கு ஐம்பத்து நான்கு வயதாகிறது. கேட்காமலே வந்த வயது அது.

முதல் தேர்தலில் ஜெயித்த மாரிக்கண்ணு அய்யா எட்டாவது மாதம் நெஞ்சுவலியில் இறந்தார். அது யார் குற்றமும் இல்லை. காலியான இடத்தை ஆறு மாதத்துக்குள் நிரப்ப வேண்டும் என்பது சட்டம், நிரப்ப இடைத்தேர்தல் வந்தது. ஆள்காட்டி விரலில் பழைய மை அப்படியே இருக்கிறதே, எங்கே வைப்பது என்று மேலே கேட்டார்கள், நடுவிரலில் வையுங்கள் என்று உத்தரவு வந்தது, வைத்தேன். நடுவிரல் தேர்தலில் ஜெயித்தவர் கட்சி மாறிப் பதவி இழந்தார், அடுத்த இடைத்தேர்தலில் மோதிர விரலில் வைத்தேன். மோதிர விரலில் ஜெயித்தவர் பார்லிமெண்டுக்கும் நின்று அங்கேயும் ஜெயித்து, டில்லி குளிர் நல்லது என்று இந்த நாற்காலியை விட்டுவிட்டுப் போனார், சுண்டு விரலில் வைத்தேன். சுண்டு விரல்காரர் மிச்சக் காலத்தைத் தூங்கிக் கழித்தார், அதற்குள் பொதுத்தேர்தலே வந்துவிட்டது, கட்டை விரலில் வைத்தேன். கட்டை விரலில் ஜெயித்தவர் தனுஷ்கோடி. குடைச் சின்னத்தில் ஜெயித்த அவர் பதினோராவது மாதம் மனசாட்சி உறுத்துகிறது என்று ராஜினாமா செய்து, எதிர்க்கட்சியில் சேர்ந்து, தான் காலி செய்த நாற்காலியை நிரப்புவதற்குத் தானே திருகைச் சின்னத்தில் திரும்ப வந்து நின்றார். சுண்ணாம்பூரணிக்கு இடது கை தீர்ந்துபோயிருந்தது. வலது கையில் ஆரம்பியுங்கள் என்று உத்தரவு வந்தது.

மை அழியாதது மட்டுமாக இருந்திருந்தால் இதைச் சொல்லவே வேண்டியதில்லை. இரண்டாவது தேர்தலுக்குப் பிறகு ரேஷன் கடைக்கு ரேகை மிஷின் வந்தது. கார்டைக் கொடுத்து, விரலை வைத்து, மிஷின் பச்சை விளக்குக் காட்டினால் அரிசி. மை வைத்த விரல்களுக்கு மிஷின் சிவப்புக் காட்டியது. கடைக்காரர் அருணகிரி துடைத்துப் பார்த்தார், எண்ணெய் தடவிப் பார்த்தார், கண்ணாடி போட்டுக்கொண்டு விரலைத் திருப்பிப் பார்த்தார், அப்போதுதான் தெரிந்தது: நகத்தின் மேல் வைத்த மை சதைக்குள் இறங்கி, அடிப்பக்கத்து ரேகைகளை ஒவ்வொன்றாக நிரவி, விரலைக் கூழாங்கல் மாதிரி வழவழப்பாக்கியிருந்தது. ஒரு ஓட்டுக்கு ஒரு ரேகை. அருணகிரி மேலதிகாரிகளுக்கு எழுதினார். மையில் குறையில்லை என்று பதில் வந்தது, மிஷினிலும் குறையில்லை என்று பதில் வந்தது. ஆக, குறை விரலில்தான் இருக்க வேண்டும் என்று ஊர் புரிந்துகொண்டது. ஓட்டு தனக்கு இட்ட வேலையை முடித்தால்தான் மை அழியும், இந்த ஊர் ஓட்டு எதுவும் வேலையை முடிக்கவில்லை, அதனால் மை காத்துக்கொண்டிருக்கிறது என்று தேங்காய் வெட்டும் சடையாண்டி சொன்னார். அதைவிட நல்ல விளக்கத்தை இன்றுவரை நான் கேட்டதில்லை.

ஊர் என்ன செய்யும்? ஊர் பழகிக்கொண்டது. தேர்தல்களுக்கு ஆண்டு சொல்வதை விட்டுவிட்டு விரல் சொன்னார்கள். மோதிர விரலுக்குக் கல்யாணமானவள், சுண்டு விரலுக்கு முந்தின நாள் பிறந்தவள், நடுவிரல் போட்ட ரோடு என்றார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் நகை கேட்பதற்கு முன்னால் எத்தனை விரல் வெறும் விரலாக இருக்கிறது என்று கேட்டார்கள். பதினெட்டு ஆகாத பிள்ளைகளின் கைகளை விதைநெல் மாதிரிப் பாதுகாத்தார்கள். பெரிய குடும்பங்கள் இந்த மாதம் மாமனார் விரல், அடுத்த மாதம் கொழுந்தியாள் விரல் என்று முறை வைத்துக்கொண்டன. ஓட்டுரிமை இருபது பேருக்கு இருக்கிற வீட்டை விரல்காரர் வீடு என்று மரியாதையாகச் சொன்னார்கள். ஒவ்வொரு இடைத்தேர்தலுக்கும் மந்திரிகள் வந்தார்கள், ஒருவர் தோசை சுட்டார், ஒருவர் துணி தேய்த்தார், ஒருவர் சடையாண்டியின் தோளில் கை போட்டுக்கொண்டு இளநீர் குடித்தார். ரேகை இல்லாதவர்களுக்குக் கண்ணைப் பார்த்து அரிசி கொடுக்கிற கண் மிஷினை உடனே கொண்டுவருவோம் என்று எல்லாரும் சொன்னார்கள். நாற்காலி நிரம்பியதும் தோசைக்கல் ஆறியது. கண் மிஷின் வரவில்லை. நிரம்பிய நாற்காலி திரும்பக் காலியானபோது மட்டும் அது வாக்குறுதியாகத் திரும்ப வந்தது.

எல்லாருக்கும் வலது கையில் ஐந்து விரல் மிச்சமிருந்தது. சீனித்தாய்க்கு இல்லை.

சீனித்தாய்க்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். பட்டாசு ஆலையில் மருந்து செலுத்துகிற வேலை. மோதிர விரல் தேர்தலுக்கு ஒரு வாரம் முன்னால் ஆலையில் ஒரு அறை வெடித்ததில் அவள் புருஷன் அங்கேயே போனான், அவளுடைய வலது கை விரல்கள் ஐந்தும் போயின. ஓட்டு நாளன்று அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஓட்டுப் போட வராதவர்களைக் கணக்கெடுத்தவர்கள், பெயர் தெரியாத அவசரத்தில், புருஷனோடு அவளையும் இறந்தவர் என்று எழுதிவிட்டார்கள். வாக்காளர் பட்டியலில் இறந்தவளுக்கு ரேஷன் கார்டும் இறந்தது. கையில் கட்டோடு ஒவ்வொரு திங்கள்கிழமையும் கலெக்டர் ஆபீசுக்குப் போய், நான் உயிரோடு இருக்கிறேன் என்று மனுக் கொடுத்து, அவள் உயிர் பெற்று வர பதினான்கு மாதமானது. ஒரே மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டதால் கார்டில் அவள் ஒருத்தி பெயர்தான். சாகக் கிடந்ததில் ஒரு தேர்தல் தவறியதால், அடுத்த இரண்டு தேர்தலில் மோதிர விரலும் சுண்டு விரலும் போக, அவளுக்கு மட்டும் இடது கையில் கட்டை விரல் மிச்சம். அந்த ஒரு விரலில்தான் அவளுடைய மாதத்து அரிசி இருந்தது.

ஆறாவது தேர்தலுக்கு முந்தின நாள் சாயங்காலம், பெட்டிகளோடு வந்து நாங்கள் பள்ளிக்கூடத்தில் இறங்கியபோது, அவள் அருணகிரியோடு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கட்டை விரலைச் சுற்றி ஒரு வெள்ளைத் துணி.

"வந்துட்டீகளா சார். மறுபடியும் நீங்கதானா?"

"நான்தான்."

"எனக்கு இந்தத் தடவ எந்த விரல்ல வைப்பீக?"

நான் பதில் சொல்வதற்குள் அருணகிரி சொன்னார்: "சார், நான் படிச்சுப் படிச்சுச் சொல்றேன். தாயி, நீ இந்தத் தடவ ஓட்டுப் போடாத. உன் ஒரு ஓட்டுலதான் தனுஷ்கோடி ஜெயிக்கப் போறாரா, தோக்கப் போறாரா? விரல் போச்சுன்னா என்னால அரிசி போட முடியாது. மிஷின் எஞ்சொல்லக் கேக்காது."

"அண்ணாச்சி, போடாம விட்டதுக்குத்தான் என்னைச் சாகடிச்சாக. அதுக்கும் சேத்துத்தான அரிசி நின்னுச்சு?"

"அது ஏதோ தப்பா நடந்தது."

"தப்பா நடந்ததைச் சரியாக்க எனக்குப் பதினாலு மாசமாச்சு. ஒருக்காச் செத்தது போதும்." பிறகு என்னைப் பார்த்து, கேலியா கோபமா என்று தெரியாத குரலில் கேட்டாள்: "உங்க விரலைக் காட்டுங்க சார், பாப்போம்."

காட்டினேன். பத்து விரலும் சுத்தமாக இருந்தன. தேர்தல் வேலைக்குப் போகிறவர்களுக்குத் தபால் ஓட்டு. கவருக்குள் போட்டு ஒட்டி அனுப்பினால் போதும், மை கிடையாது. ஏழு வருடமாக ஆயிரக்கணக்கான விரல்களைப் பிடித்து மை வைத்த என் கையில் ஒரு பொட்டு மை இல்லை என்பது, அவள் குனிந்து பார்த்த அந்த நிமிஷம் வரை, சத்தியமாக எனக்குத் தோன்றியதே இல்லை. தோன்றாததை வெகுளித்தனம் என்று சொல்லிக்கொள்ள முடியுமா?

"பிள்ளை பெத்தவரு கை மாதிரியா இருக்கு, பிறந்த பிள்ளை கை மாதிரில்ல இருக்கு" என்றாள் சீனித்தாய். அருணகிரி சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

எங்கள் தலைமை அலுவலர் ஜெபமணி, ஒரு மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர், கெட்டவர் இல்லை, பயந்தவர். ஓய்வுபெற எட்டு மாதம் இருந்தது. அவரிடம் கேட்டேன். அவர் கையேட்டைப் புரட்டி, விரல் வைத்து வாசித்தார். ஒரு விரல் இல்லாவிட்டால் வேறு விரல், இடது கையில் விரலே இல்லாவிட்டால் வலது கை, இரண்டு கையிலும் விரலே இல்லாவிட்டால்தான் கை முடிகிற இடம்.

"அந்தம்மாவுக்கு ஒரு விரல் இருக்குல்ல?"

"இருக்கு சார். அது ஒண்ணுதான் இருக்கு."

"அப்ப அதுலதான். விரல் இல்லாம வந்தா நமக்குப் பிரச்சினை இல்ல" என்றவர், தான் சொன்னதைத் தானே கேட்டு, கையேட்டை மூடிவிட்டு, "நான் என்னய்யா செய்ய?" என்றார்.

நான் என்னய்யா செய்ய என்ற கேள்வியைப் பாயாக விரித்துத்தான் அன்று நாங்கள் எல்லோரும் படுத்தோம்.

மறுநாள் காலையிலிருந்து வலது ஆள்காட்டி விரல்கள் வந்தன. வருகிறவர்கள் அடுப்பில் வைக்கப்போகிற விரலைப் போல நீட்டினார்கள். சிலர் வைப்பதற்கு முன் அந்த விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். புதிதாகக் கல்யாணமான ஒருத்தி, கொஞ்சம் பொறுங்க சார் என்று, போகப்போகிற ரேகையைத் தன் புருஷன் கன்னத்தில் ஒருமுறை அழுத்திவிட்டு வந்தாள். நான் கோடு இழுத்தேன், நகத்து நுனியிலிருந்து முதல் கணு வரை, நகத்து நுனியிலிருந்து முதல் கணு வரை. கட்சி முகவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து பெயரைச் சரிபார்த்தார்கள். இரண்டு பேரும் உள்ளூர். திருகைக்கு முகவர் சடையாண்டியேதான். குடைக்கு அவருடைய மச்சான். பரம்பரையாக இரண்டு கட்சி, மதியச் சோறு ஒரே தூக்குவாளியில்.

சீனித்தாய் பகல் மூன்று மணிக்கு வந்தாள். பேனாவை வழவழப்பான நான்கு விரல்களுக்கு நடுவே பிடித்து, இடது கையால் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டாள். ஆஸ்பத்திரியில் பழகியது. பிறகு என் முன்னால் வந்து துணியை அவிழ்த்து, கட்டை விரலை மேசைமேல் வைத்தாள். உப்பு மாதிரி வெளுத்துப்போயிருந்த அந்த விரலின் ரேகைகள் உழுத நிலம் மாதிரி அத்தனை தெளிவாக இருந்தன.

"வைங்க சார்."

குச்சியை எடுத்தேன். கை நகரவில்லை. "அம்மா, வேண்டாம்னு திரும்பிப் போயிடலாம். அதுக்கும் சட்டத்துல இடம் இருக்கு" என்றேன்.

"திரும்பிப் போறதுக்கா பதினாலு மாசம் நடந்தேன்? வைங்க."

அந்த நேரத்தில்தான் வேட்பாளர் தனுஷ்கோடி சாவடியைப் பார்வையிட வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, மார்புக்கு நேரே கும்பிட்ட கைகள். கூட்டம் தூரத்தில் நிறுத்தப்பட்டிருந்தது. அனுமதி வாங்கிய இரண்டு காமிராக்காரர்கள் மட்டும் வாசலில் நின்றார்கள்.

"வணக்கம், வணக்கம். என்னம்மா, சாப்பிட்டாச்சா?" என்றார் சீனித்தாயிடம்.

"சாப்பாட்டுக்குத்தான் நிக்கேன். கும்பிட்டது போதும்யா, விரலைக் கொஞ்சம் காட்டுங்க."

காமிரா இருந்ததால் அவர் சிரித்துக்கொண்டே இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். வரிசை முழுக்க எட்டிப் பார்த்தது. மோதிரங்களுக்கு நடுவே பத்து விரல்கள், பத்தும் சுத்தம்.

"ஒரு பொட்டு மை இல்லையே? நீங்க ஓட்டே போட்டதில்லையா?"

"எனக்கு ஓட்டு மெட்ராஸ்ல இருக்கும்மா. போன வருசம் போட்டேன். அழிஞ்சிருச்சு."

"உங்களுக்கு அழியுது" என்றாள் சீனித்தாய்.

தன் வழவழப்பான நான்கு விரல்களையும் அவர் முன்னால் நீட்டினாள்.

"இந்த எலெக்‌ஷன் யாரால வந்துச்சுங்கய்யா?"

"மக்களுக்காகத்தாம்மா நான் எல்லாத்தையும் விட்டுட்டு..."

"அப்ப மக்களுக்காக ஒரு விரல் வைங்க. எங்க கூட நீங்களும் வச்சமாதிரி இருக்கும்ல."

அவர் ஒருமுறை வாசலைப் பார்த்தார். காமிராவின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஏழைப் பெண், விரல் இல்லாத கை, மை வைத்த தலைவர்: நல்ல படம் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். இடது ஆள்காட்டி விரலைக் காமிராவுக்குத் தெரிகிற மாதிரி என்னிடம் நீட்டினார். "வைங்க சார், வைங்க. அம்மா ஆசைப்படுறாங்க."

வைத்தேன்.

"இது மாரிக்கண்ணு அய்யாவுக்குப் போட்ட விரலு. நல்ல மனுசன், விதி முடிஞ்சு போனாரு" என்றாள் சீனித்தாய். "அடுத்த விரலு."

அவர் சிரிப்பு மாறாமல் நடுவிரலை நீட்டினார். வைத்தேன். "இது கட்சி மாறினவருக்குப் போட்டது" என்றாள். அடுத்தது என்று அவள் சொல்வதற்கு முன் வரிசையில் நின்ற ஒரு பெண் சொன்னாள், "மோதிர விரல்! டில்லி போனவருக்கு!" வைத்தேன். "சுண்டு விரல், தூங்கினவருக்கு" என்றது இன்னொரு குரல். வைத்தேன். அதன் பிறகு யாரும் தனியாகச் சொல்லவில்லை. வாசலுக்கு வெளியே, மரத்தடி வரை நின்ற நூற்றைம்பது பேரும், கோயிலில் பெயர் சொல்லி அர்ச்சனை செய்வது மாதிரி, சத்தம் போடாமல், ஆனால் எல்லாரும் சேர்ந்து சொன்னார்கள்: "கட்டை விரல். உங்களுக்கு."

தனுஷ்கோடியின் சிரிப்பு நின்றது. கையை இழுக்கப் பார்த்தார். யாரும் அவரைப் பிடிக்கவில்லை. நான்கு விரலில் மை ஈரமாக இருக்க, ஓடுகிற காமிராவுக்கு முன்னால் ஐந்தாவதை எப்படி மறைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். கட்டை விரலில் வைத்தேன். "ஏய், என்னய்யா செய்றீங்க, நிறுத்துங்கய்யா" என்று ஜெபமணி என் காதருகில் அழுகிற மாதிரிச் சொன்னார். நான் வலது கைக்காகக் காத்திருந்தேன்.

"ஆறாவது விரலு, நீங்க விட்டுட்டுப் போனதுக்கு" என்றாள் சீனித்தாய்.

அதையும் வைத்தேன்.

அதைத் துணிச்சல் என்று யாரும் சொல்ல வேண்டாம். ஆறு தேர்தலாக என் கை, நீட்டிய விரலில் மை வைத்துப் பழகியது, அன்றும் அதைத்தான் செய்தது. மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தவனுக்கு அதுவரை தெரியாமல் போனது, யார் விரலை நீட்ட வேண்டும் என்பதுதான். அது எனக்கு ஏன் முதல் தேர்தலிலேயே தெரியவில்லை, அல்லது இரண்டாவதில், அல்லது ரேகைகள் போன கதையை அருணகிரி சொன்ன மூன்றாவதில்?

தனுஷ்கோடி கைகளைக் கும்பிடவும் முடியாமல், தொங்கவிடவும் முடியாமல், காயவைப்பவர் மாதிரி முன்னால் பிடித்துக்கொண்டு வெளியே போனார். குப்பியைச் சாய்த்துப் பார்த்தேன். காலையிலிருந்து ஓடியதில் அடியில் ஒரு துளிதான் இருந்தது. அதை என் ஆள்காட்டி விரலில், நகத்து நுனியிலிருந்து முதல் கணு வரை இழுத்தேன். குளிர்ச்சியாக இருந்தது. இத்தனை பேருக்கு வைத்திருக்கிறேன், அது குளிரும் என்று எனக்குத் தெரியாது.

"எனக்கு?" என்றாள் சீனித்தாய். கட்டை விரல் மேசைமேல் அப்படியே இருந்தது.

இரண்டாவது குப்பி சீல் உடைக்காமல் உறைக்குள் இருந்தது. நான் உறையைத் தொடவில்லை. குச்சியைத் துடைத்து, காலிக் குப்பிக்குள் விட்டு எடுத்து, உலர்ந்த குச்சியால் அவள் விரலில் கோடு இழுத்தேன்.

ஜெபமணி குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். முகவர்கள் பக்கம் திரும்பி, யாராவது எதையாவது சொல்லித் தன்னைக் காப்பாற்ற மாட்டார்களா என்பது மாதிரி, "மை தெரியுதா? ஆட்சேபணை உண்டா?" என்று கேட்டார்.

சடையாண்டி எழுந்து வந்தார். தனுஷ்கோடியின் முகவர், அவர் கட்சிப் பணத்தில் அன்று காலை இட்லி சாப்பிட்டவர். அந்த வெளுத்த விரலை ரொம்ப நேரம் பார்த்தார்.

"தெரியுது சார். பளிச்சுன்னு தெரியுது."

"எனக்கு இங்கிருந்தே தெரியுதே" என்றார் அவர் மச்சான், பெஞ்சை விட்டு எழாமல்.

சீனித்தாய் உள்ளே போனாள். ஓட்டு மிஷின் நீளமாகக் கூவியது. அவள் விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு வெளியே போன பிறகுதான் நான் இரண்டாவது குப்பியை உடைத்தேன்.

தனுஷ்கோடி ஜெயித்தார். அதில் அதிசயம் எதுவும் இல்லை. நான்காம் நாள் அவருடைய செல்போன் அவர் விரலுக்குத் திறக்கவில்லை, ஐந்தாம் நாள் வீட்டு இரும்புப் பெட்டி திறக்கவில்லை. ஒன்பதாம் நாள் அவர் வீட்டுக்கும் ஆபீசுக்கும் இரண்டு கண் மிஷின்கள் வந்து இறங்கின. ஒன்பது நாள். நான்கு தேர்தலாக, வருடக்கணக்கில், வரும் வரும் என்று சொல்லி வராத அந்த மிஷினுக்கு வழி தெரியாமல் இல்லை, சுண்ணாம்பூரணிக்குப் போகிற வழியில்தான் அதற்கு என்னவோ ஆகிவிடுகிறது. அரிசிக்குக் கேட்டவர்களுக்கு இல்லாதது இரும்புப் பெட்டிக்குக் கேட்டவருக்கு ஒன்பது நாளில் கிடைத்தது.

தேவையற்ற விரல்களில் அரசு மையைச் செலவிட்டதாக எனக்குக் குற்றச்சாட்டு வந்து, வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். தேவையற்ற விரல்கள் என்ற அந்த வார்த்தையை நான் பலமுறை வாசித்தேன். என் ஆள்காட்டி விரலின் ரேகையும் நிரவிப்போய்விட்டது. அதைத் தடவிப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது.

ஒவ்வொரு மாதமும் சீனித்தாய் அரிசிக்குப் போகும்போது ஊர் பின்னால் போய் நின்றது. துணியை அவிழ்த்துக் கட்டை விரலை வைப்பாள், மிஷின் யோசிக்கும், பச்சை எரியும், எல்லாரும் தங்களுக்கே எரிந்தது போல மூச்சு விடுவார்கள். ஒரு விரல் தப்பித்ததென்று தெரிந்த பிறகு அவர்களால் மற்ற விரல்களைப் பற்றி முன்போல வேடிக்கை பேச முடியவில்லை.

மாசியில் செய்தி வந்தது: தனுஷ்கோடி டில்லி சபைக்குப் போகிறார், நெடுங்கரிசல் மறுபடி காலி, ஆறு மாதத்துக்குள் நிரப்ப வேண்டும், அவர் மகன் நிற்கிறார். எனக்கு இந்த முறை குலுக்கல் இல்லை. நானாகவே பஸ் ஏறிப் போனேன்.

ஊர் முகப்பில், நடுவிரல் போட்ட ரோட்டில், சுண்ணாம்பூரணி முழுவதும் நின்றது. யாரும் கோஷம் போடவில்லை. கொடி இல்லை. வரிசையாக நின்று இரண்டு கையையும் தோள் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்திருந்தார்கள், அத்தனையிலும் கறுத்த கோடுகள். முன்னால் சீனித்தாய். பக்கத்தில் பள்ளிக்கூடத்து மேசை ஒன்று, அதன்மேல் எதுவும் வைக்கப்படவில்லை. பெஞ்சுக்காரர்களான சடையாண்டியும் மச்சானும் மேசையின் இரண்டு பக்கமும் நின்றார்கள். இடம் காலியாக இருந்ததால் நான் போய் என் பழைய இடத்தில் நின்றுகொண்டேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

பிரச்சார வண்டி வந்து நின்றது. முப்பது வயதுப் பையன்தான், திறந்த வண்டியில் நின்றபடி, அப்பாவைப் போலவே மார்புக்கு நேரே கைகளைக் குவித்து, "தாய்மார்களே..." என்று ஆரம்பித்தார். தூக்கிய கைகளைப் பார்த்ததும், வரவேற்கிறார்கள் என்று நினைத்து இன்னும் அகலமாகச் சிரித்தார்.

சீனித்தாய் கட்டை விரலின் துணியை அவிழ்த்தாள்.

"தம்பி, எனக்கு இருக்கிறது இது ஒண்ணுதான். உங்கப்பா விட்டுட்டுப் போன எடத்துக்காக இதையும் வைக்கச் சொல்லுவாக. வைக்கேன். அதுக்கு முன்னாடி நீங்க எறங்கி வந்து, இந்த மேசையில பத்தையும் வைங்க."

"மேசையில எதுக்கும்மா..." என்றார் அவர், சிரிப்பு பாதியில் நிற்க.

"கும்பிட்டது போதும். விரலைக் காட்டுங்க."

வண்டிக்குள் யாரோ மைக்கை அணைத்தார்கள். அவர் கூட்டத்தைப் பார்த்தார், ரோட்டின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை உயர்ந்து நின்ற கறுத்த விரல்களைப் பார்த்தார், குவித்த கைகளை மெல்லப் பிரித்து, முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துக்கொண்டார்.

சீனித்தாய் நகரவில்லை. யாருடைய கையும் இறங்கவில்லை. வண்டிக்குத் திரும்புகிற அளவுக்கு அந்த ரோடு அகலம் இல்லை. போடும்போதே அப்படித்தான் போட்டிருந்தார்கள்.